இருபத்தேழாம் எண் குவளை

குவளைகள் மொத்தம் நாற்பது. முப்பத்தொன்பதில் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒன்றில் மட்டும் கொஞ்சம் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், எது அசல் எது திருட்டு என்று யாராலும் சொல்ல முடியாது. பாடமே அதுதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை பத்தாம் வகுப்புக்கு எச்.ஐ.வி. விழிப்புணர்வு வகுப்பு நடத்தியாக வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. உத்தரவு போட்டவர்கள் யாரும் பதினைந்து வயசுப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு முன்னால் நின்று அந்தச் சங்கதியைப் பேசிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்தக் குவளை விளையாட்டு. ஆளுக்கொரு குவளையை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் சுற்றி வருவார்கள். விசில் அடித்ததும் பக்கத்தில் இருப்பவரின் தண்ணீரோடு தன் தண்ணீரைக் கலந்து, பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இப்படி மூன்று தடவை. அதன் பிறகு ஆய்வக உதவியாளர் பினாஃப்தலீன் புட்டியோடு வந்து, ஒவ்வொரு குவளையிலும் இரண்டு சொட்டு விடுவாள். சோடா போய்ச் சேர்ந்த குவளையெல்லாம் பளிச்சென்று ரோஸ் நிறத்துக்கு மாறும். ஒன்று எட்டாகியிருக்கும், தப்பினால் ஏழு.

அந்த உதவியாளரை எல்லோரும் லேப் அக்கா என்பார்கள். பிள்ளைகளுக்கும் அக்கா, ஆசிரியர்களுக்கும் அக்கா, அவளைவிடப் பன்னிரண்டு வயசு மூத்த தலைமையாசிரியருக்கும் அக்கா. இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும் அவள் பெற்ற மகள்கூட பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அது மகள் போட்ட நிபந்தனை. குடுவை உடைத்த பிள்ளைகளை எல்லாம் திட்டுகிற ஆளை, எல்லார் முன்னாலும் அம்மா என்று கூப்பிட்டால் மானம் போகும் என்றாள். லேப் அக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளிடம் தெம்பும் இல்லை.

ஆறு வருஷமாக இந்த விளையாட்டுக்கு அவள்தான் எல்லாம் தயார் செய்து கொடுக்கிறாள். வகுப்பை எடுப்பது உயிரியல் டீச்சர். எப்போதோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்த பாவத்துக்கு, அந்த வேலை டீச்சரின் தலையில் நிரந்தரமாக விழுந்துவிட்டது. முதல் வருஷம் ‘விந்து’ என்ற வார்த்தையைச் சொல்வதற்குள் டீச்சர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். இப்போது வருகைப் பதிவு எடுப்பதுபோல அலுங்காமல் சொல்லிவிடுகிறார். மற்ற ஆசிரியர்களில் ஒருவரையாவது உதவிக்கு அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியரிடம் வருஷா வருஷம் கேட்பார். இயற்பியல் சாருக்குச் சொல்லிவைத்தாற்போல அன்றைக்குத்தான் தலைவலி வரும்.

போன வாரம் மூட்டுவலியோடு படியேறி வந்த டீச்சர், வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை என்று சொல்லிவிட்டுப் போனார். லேப் அக்கா சரி என்றாள். டீச்சர் போன பிறகு வெகுநேரம் ஆய்வக மேடையில் கை ஊன்றி நின்றாள்.

காரணம் இதுதான். அவள் மகள் நாலு வயசிலிருந்து தினமும் காலை ஏழரை மணிக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அது எச்.ஐ.வி.க்கான மாத்திரை. மகளுக்கு அது தெரியாது.

இரத்தத்தில் ஒரு குறை, வளர வளரச் சரியாகும் என்று சொல்லி வைத்திருந்தாள். மாத்திரை டப்பா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, வெந்நீரில் துணி நனைத்து அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளைத் தேய்த்து எடுப்பது. பதினோரு வருஷமாகத் தேய்க்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போகும்போது மகளை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இவள் மட்டும் ஆலோசகர் அறைக்குள் போவாள். ஆலோசகர் நல்ல மனுஷி. பத்து வயசிலேயே சொல்லியிருக்க வேண்டும், நாமாகச் சொல்லாவிட்டால் அவளாகத் தெரிந்துகொள்வாள், அது உங்களுக்குத்தான் கஷ்டம் என்று ஒவ்வொரு தடவையும் அலுக்காமல் சொல்வார். அடுத்த தடவைக்குள் சொல்லிவிடுகிறேன் என்று இவளும் அலுக்காமல் சொல்வாள். பரீட்சை முடியட்டும் என்பாள். காய்ச்சல் விடட்டும் என்பாள். பெரிய மனுஷி ஆகட்டும் என்றாள், அதுவும் ஆயிற்று.

மகளுக்கு அந்த வியாதி இருக்கிறது என்று சொல்வதுகூடப் பெரிதில்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறது, கிருமி இரத்தத்தில் தென்படவே இல்லை என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் வருகிறது, பிள்ளை நெட்டென்று வளர்ந்து ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள். அவள் பயந்தது அதற்கு அடுத்த கேள்விக்கு. எனக்கு எப்படி வந்தது என்று மகள் கேட்பாள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்ன பிறகு இந்தப் பிள்ளை தன் முகத்தில் முழிக்குமா என்பதுதான் அவளை இத்தனை வருஷமாக அரித்துத் தின்றது.

வியாழக்கிழமை மத்தியானம் குவளைகளை அடுக்கினாள். அவள் கையும் மனசும் அன்றைக்குத் தனித்தனியாக வேலை செய்தன. போன வருஷம் ரோஸ் நிறம் வந்த பெண் ஒருத்தி விசும்பி விசும்பி அழுததும், அதற்கு முந்தின வருஷம் ஒரு பையனை மாசக்கணக்கில் ‘ரோஸு’ என்று கூப்பிட்டே ஓட்டியதும் ஞாபகம் வந்தன. ரோஸ் வந்தவர்கள் எல்லாம் கரும்பலகைக்கு இடதுபக்கம் வரிசையாக நிற்க வேண்டும். அந்த வரிசையில் தன் மகள் நிற்பதைத் தன்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. விளையாட்டுத்தான். தெரியும். ஆறு வருஷமாக அதை விளையாட்டு என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொன்னவளே அவள்தான்.

டீச்சரிடம் போய், இந்தத் தடவை குவளைகளில் வரிசை எண் எழுதிவிடலாமா, யார் யாரோடு கலந்தார்கள் என்று குறித்துக்கொள்ளச் சுலபமாக இருக்கும் என்றாள். டீச்சருக்கு முழங்காலில் தைலம் தேய்ப்பதே பெரிய காரியமாக இருந்தது. உங்க இஷ்டம்க்கா என்று சொல்லிவிட்டார்.

மகளின் வரிசை எண் இருபத்தேழு. சோடாவை ஐந்தாம் எண் குவளையில் கலந்தாள். பிறகு கதவைப் பார்த்துவிட்டு, வினிகர் புட்டியைத் திறந்து இருபத்தேழில் ஒரு சொட்டான் நிறைய விட்டாள். போதாதோ என்று இன்னொன்று விட்டாள். பயத்துக்கு அளவு ஏது, மூன்றாவதும் விட்டாள். வினிகர் அமிலம், சோடா காரம்; ஒன்று மற்றதை அடித்துவிடும். இனி யார் வந்து கலந்தாலும் இருபத்தேழு ரோஸ் ஆகாது. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷ ஆய்வக அனுபவம் இதற்குத்தான் உதவ வேண்டுமா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

டீச்சர் முதலில் பாடத்தைச் சொன்னார். இரத்தம், விந்து, பெண்ணுறுப்பில் சுரக்கும் திரவம், தாய்ப்பால் இவற்றின் மூலம்தான் பரவும். தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, தும்மினால் பரவாது, கொசு கடித்தால் பரவாது. கடைசி பெஞ்சில் யாரோ கொசு மாதிரி ரீங்காரம் போட்டான். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆறு வருஷமாக எல்லா வகுப்பிலும் அதே இடத்தில் ஒரு கொசு இருக்கிறது. ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதனை செய்தால்தான் தெரியும் என்றார். கர்ப்பத்திலேயே பரிசோதித்து அம்மா மருந்து எடுத்துக்கொண்டால் குழந்தைக்கு வராமல் அநேகமாகத் தடுத்துவிடலாம் என்றார். இந்த வரியை லேப் அக்கா ஆறு வருஷமும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்தில் அவளுக்கு ஏதாவது ஒரு குடுவையைத் துடைக்க வேண்டியிருக்கும். அவள் கர்ப்பமாக இருந்தபோது அந்தப் பரிசோதனையை யாரும் எழுதித் தரவில்லை. அவளுக்கும் கேட்கத் தெரியவில்லை.

பிறகு விளையாட்டு தொடங்கியது. விசில் அடித்ததும் ஒரே கூச்சல், சிரிப்பு, தள்ளுமுள்ளு. மகள் தன் குவளையை எடுத்ததும் ஒரு நொடி மூக்கருகே கொண்டுபோனாள். லேப் அக்கா பார்த்துவிட்டாள். மகள் குவளையை இறக்கிக்கொண்டு கூட்டத்தோடு கலந்தாள். மூன்றாவது விசிலுக்கு அவளோடு தண்ணீரைக் கலந்தவன் நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பையன், ஓட்டப்பந்தயத்தில் அவளோடு ஓடுகிறவன்.

லேப் அக்கா பினாஃப்தலீன் புட்டியோடு கிளம்பினாள். ஒன்றிலிருந்து நாற்பது வரை எல்லாக் குவளையிலும் இரண்டு சொட்டு. ஐந்து ரோஸ் ஆனது, பதினொன்று ஆனது, இன்னும் நாலு ஆயின. இருபத்தேழில் விடும்போது மகள் முகத்தைப் பார்க்காமல் விட்டாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மொத்தம் ஆறு பேர் கரும்பலகைக்கு இடதுபக்கம் போனார்கள். அவ்வளவுதான், முடிந்தது, இனி வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தாள்.

முடியவில்லை. டீச்சர் ஆளாளுக்குக் குறித்து வைத்திருந்த சீட்டையெல்லாம் வாங்கி, யார் யாரோடு கலந்தார்கள் என்று கரும்பலகையில் கோடு போட ஆரம்பித்தார். ஐந்தாம் எண்ணிலிருந்து கோடு கிளம்பியது. இரண்டாவது விசிலுக்கு ஐந்தாம் எண்ணோடு கலந்தவன் நெட்டை. அவன் குவளை ரோஸ் ஆகியிருக்க வேண்டும். அவன் கையில் தெளிந்த தண்ணீரோடு வலதுபக்கம் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். நெட்டையிடமிருந்து மூன்றாவது விசிலுக்குக் கோடு இருபத்தேழுக்குப் போனது. அதுவும் தெளிந்த தண்ணீர். டீச்சர் சாக்பீஸைப் பிடித்தபடி கரும்பலகையையும் குவளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது பேரும் பார்த்தார்கள்.

தன் மகளை யாரும் கவனிக்கக் கூடாது என்று ஒருத்தி வினிகர் ஊற்றினாள். இப்போது மொத்த வகுப்பும் அந்த ஒரு பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. லேப் அக்கா மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அமிலமும் பரவும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தினம் தினம் அதிலேயே புழங்குகிறவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குள் கடைசி பெஞ்சுக் கொசு கத்தினான், டீச்சர், இவகிட்ட வந்ததும் நெட்டைக்குக் குணமாயிடுச்சு என்று. வகுப்பு கொல்லென்று சிரித்தது. இவ மாத்திரை டீச்சர் என்றான் இன்னொருவன். மாத்திரை, மாத்திரை என்று நாலு குரல் கூடவே எழுந்தது. மகளும் சிரித்தாள், ஆனால் உதடு மட்டும்தான் சிரித்தது.

டீச்சருக்கு எங்கே தப்பு நடந்தது என்று புரியவில்லை. ஆறு வருஷ அனுபவம் கைகொடுத்தது, வகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். மேசையைத் தட்டி அமைதியாக்கிவிட்டுச் சொன்னார்.

"சிரிச்சது போதும். இவன் சொன்னதுல பாதி சரி. முழுசாக் குணமாக்க இன்னும் மருந்து இல்ல. ஆனா தினமும் ஒரு மாத்திரை, ஒரே நேரத்துக்கு, ஆயுசு முழுக்க விடாம சாப்பிட்டா, கிருமி ரத்தத்துல தென்படாத அளவுக்குக் குறைஞ்சிடும். அப்படி இருக்கறவங்க மத்தவங்க மாதிரியே படிக்கலாம், ஓடலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். உடலுறவு மூலமா அவங்ககிட்டேருந்து அடுத்தவங்களுக்குப் பரவறதும் இல்ல. இருபத்தேழாம் நம்பர் அப்படி ஒரு ஆள்னு வெச்சுக்குவோம். எழுதிக்கோங்க."

முப்பத்தொன்பது தலைகள் நோட்டுப் புத்தகத்தில் குனிந்தன. ஒரு தலை மட்டும் குனியவில்லை. தினமும் ஒரு மாத்திரை, ஒரே நேரத்துக்கு என்பதைக் கேட்ட மகள், அத்தனை தலைகளுக்கு மேலாக நேரே மேடைப் பக்கம் பார்த்தாள். லேப் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது என்று அந்த நொடியே தெரிந்தது.

மணி அடித்ததும் பிள்ளைகள் பறந்தார்கள். டீச்சர் மேசையருகே வந்து, என்னக்கா இந்தத் தடவை சொதப்பிடுச்சு, பழைய சோடாவா என்று கேட்டார். இருக்கும் டீச்சர் என்றாள். பரவாயில்லை, ஒரு விதத்தில் அதுவும் நல்லதுக்குத்தான், மாத்திரை விஷயத்தை எப்போதும் கடைசி இரண்டு நிமிஷத்தில் அவசரமாகத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டு, டீச்சர் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கிப் போனார்.

ஆய்வகத்தில் தாயும் மகளும் மட்டும். மகள் பையைத் தோளில் மாட்டாமல் பெஞ்சில் வைத்திருந்தாள். லேப் அக்கா குழாயைத் திறந்து குவளைகளைக் கழுவ ஆரம்பித்தாள். ஒன்று கழுவினாள், இரண்டு கழுவினாள்.

"அம்மா."

இந்த அறைக்குள் மகள் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. குழாயை மூடினாள்.

"இதுல வினிகர் இருக்கு" என்றாள் மகள். இருபத்தேழாம் எண் குவளை அவள் கையில் இருந்தது. "எடுத்ததுமே வாசனை வந்துது. சரியாக் கழுவலபோலன்னு நெனச்சேன். ஆனா நீ கழுவாம விடற ஆள் இல்ல."

போன மாதம் எதற்கோ அந்தக் குவளையை எடுத்தேன் என்று லேப் அக்கா ஆரம்பித்தாள். பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஆனால் இன்றைக்கு வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. அதை இழுத்து முடிக்க அவளிடம் சத்து இல்லை.

மகள் காத்திருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "நாப்பது பேருக்கும் வெறும் விளையாட்டு. எனக்கு மட்டும் விளையாட்டுக்குக்கூட அது வந்துடக் கூடாதுன்னு நெனச்சிருக்கே. அப்படின்னா நெசத்துல எனக்கு என்னம்மா?"

ஆலோசகர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. முதலில் உடம்புக்குள் இருக்கும் காவல்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிறகு தூங்குகிற கிருமியைப் பற்றி, பிறகு அதைத் தூங்கவைத்திருக்கிற மாத்திரையைப் பற்றி. படங்கள்கூடக் கொடுத்திருந்தார், அவை வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கின்றன. ஐந்து வருஷமாகக் குளிக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் அதை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். இப்போது ஒரு காவல்காரனும் வாய்க்கு வரவில்லை.

"டீச்சர் சொன்னாங்களே" என்றாள். "அதுதான். அந்த மாத்திரை அதுக்குத்தான்."

மகள் குவளையை மெதுவாக மேடை மேல் வைத்தாள். வெளியே மைதானத்தில் யாரோ பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது.

"எப்படி வந்துது?"

வந்துவிட்டது. பதினோரு வருஷமாகப் பயந்து ஒளிந்த கேள்வி, ஒரு வியாழக்கிழமை சாயந்திரம், ஈரக் கையோடு நிற்கும்போது வந்துவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"என்கிட்டேருந்துதான்" என்றாள். "நீ வயித்துல இருக்கறப்ப எனக்கும் இருந்துது, எனக்கே தெரியாது. உனக்கு நாலு வயசுல காய்ச்சல் விடவே இல்ல, அப்பதான் டெஸ்ட் எடுத்தாங்க. உனக்குன்னு சொன்னதுக்கப்புறம்தான் எனக்கும் அப்பாவுக்கும் எடுத்தோம். அப்பாவுக்கு முத்திப் போயிருந்துது, காப்பாத்த முடியல. உனக்குக் குடுத்தது நான்தான் கண்ணு. வேற யாரும் இல்ல."

இதைச் சொன்னதும் இடி விழும் என்று எண்ணியிருந்தாள். ஒன்றும் விழவில்லை. மகள் பெஞ்சில் உட்கார்ந்து, பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அழவும் இல்லை. அழுதிருந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்கலாம்.

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டாள். டாக்டர், ஆலோசகர், நான் என்றாள் இவள்.

"என் உடம்பு" என்றாள் மகள். குரல் இப்போதுதான் உடைந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து மீன்தொட்டியப் பார்த்துட்டு இருந்திருக்கேன்."

லேப் அக்கா, தப்புத்தான் என்றாள். பயமாக இருந்தது, நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன் என்று அதையும் மறைக்காமல் சொன்னாள். மகள் வெறுக்கவில்லை என்றும் சொல்லவில்லை, வெறுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. திடீரென்று நிமிர்ந்து, நெட்டையும் நானும் ஒரே பாட்டிலில்தான் தண்ணீர் குடிப்போம் என்றாள். முகம் வெளுத்திருந்தது. இவள் வாயைத் திறப்பதற்குள் தானே நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, தன் கையெழுத்தைத் தானே படித்தாள். தட்டு, தண்ணீர், தும்மல், கொசு. எதிலும் பரவாது. விரலை வைத்து இரண்டு தடவை படித்துவிட்டு மூடி வைத்தாள்.

"நீயும் மாத்திரை சாப்பிடறியா?"

சாப்பிடுகிறேன் என்றாள்.

"வீட்ல பார்த்ததே இல்லயே."

லேப் அக்கா சுவர் அலமாரியைத் திறந்து, மேல் தட்டில் அமிலப் புட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு நிறப் புட்டியை எடுத்தாள். புதுப் புட்டிதான், வேறு எதுவும் அதில் இருந்ததில்லை. லேபிள் மட்டும் அவள் எழுதி ஒட்டியது. தினமும் காலையில் ஆய்வகத்தைத் திறந்ததும் இதிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டுத்தான் மேடை துடைப்பாள். லீவு நாளுக்கு வேண்டியதை மட்டும் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் மறைவாக விழுங்குவாள். மகள் மூடியைத் திறந்து பார்த்தாள். தான் சாப்பிடுகிற அதே வெள்ளை மாத்திரை, மேலே அதே எழுத்து பொறித்தது. மூடிவிட்டு லேபிளைப் படித்தாள்.

"விஷம்னு எழுதி வெச்சிருக்கே."

"யாரும் தொட மாட்டாங்கன்னுதான்."

"நம்மள உயிரோட வெச்சிருக்கறது இது" என்றாள் மகள். கோபமாகத்தான் சொன்னாள். "இத வீட்டுக்கு எடுத்துட்டு வா. இனிமே என்கூடதான் சாப்பிடணும். ஏழரைக்கு."

அந்தக் கோபத்தில் ‘நம்மள’ என்ற வார்த்தை இருந்தது. லேப் அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மகள் எழுந்து இருபத்தேழாம் எண் குவளையைக் குழாயில் பிடித்தாள். ஒரு தடவை கழுவினாள், மோந்து பார்த்தாள், இன்னொரு தடவை கழுவினாள். காய்ச்சி வடித்த தண்ணீரைப் பாதி வரை ஊற்றினாள். மேடையில் மீதமிருந்த சோடா கரைசலில் கொஞ்சம் அதில் சேர்த்துக் கலக்கினாள். நிறமில்லாத தண்ணீர். அதை அம்மாவுக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"விடும்மா" என்றாள்.

லேப் அக்கா பினாஃப்தலீன் சொட்டானை எடுத்தாள். ஆறு வருஷத்தில் எத்தனையோ குவளைகளில் இதை விட்டிருக்கிறாள், ஒரு சொட்டும் வெளியே போனதில்லை. முதல் சொட்டு குவளையின் விளிம்பில் பட்டு வெளியே வழிந்தது. இரண்டாவது சொட்டு உள்ளே விழுந்தது. விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் கிளம்பி, சுற்றிச் சுற்றி இறங்கி, குவளை முழுக்கப் பரவி நின்றது.

மகள் குனிந்து, கண்ணுக்கு நேராக வைத்து அதைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"இதப் பார்த்து நான் அழுதுடுவேன்னா வினிகர ஊத்தினே?"

"இல்ல" என்றாள் லேப் அக்கா. "நான் அழுதுடுவேன்னு."

சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், துடைக்கக்கூட முடியாமல், பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து வந்தது. மகள் உடனே பக்கத்தில் வரவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்து அம்மாவின் காலருகே போட்டு, உட்காரு என்றாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயைத் திறந்தாள். கழுவ இன்னும் முப்பத்தேழு குவளைகள் இருந்தன.